ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும்

ஏண்ணே, இந்த டயரை மாத்த இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்ங்கிறாரு? அரை மணி நேரமா? அட ஆண்டவா. இல்ல, நீங்க உக்காருங்க. எறங்கிப் போய்க் கேட்டா மட்டும் டயர் சீக்கிரமா ஏறிறப்போகுதா. நான் ரெண்டு தடவை போய்ப் பாத்துட்டேன். கண்டக்டர் என்னையப் பாத்த பார்வை இருக்கே, நான்தான் வந்து ஆணி அடிச்ச மாதிரி.

நீங்க சங்கரன்கோவிலா? நல்லதாப் போச்சு. இன்னிக்கு அங்க ஷட் டவுன் தெரியும்ல? கரண்ட்டு. மாசாமாசம் நிப்பாட்டுவாங்கள்ல, காலையில ஒன்பதுல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும். ஏண்ணே, ஒங்க ஊர்ல கரெக்டா ஒன்பதுக்குத்தான் நிப்பாட்டுவாங்களா? என்னது, சில மாசம் எட்டே முக்காலுக்கேவா? சும்மா இருங்கண்ணே, பயமுறுத்தாதீங்க.

மடியில என்ன, மிக்ஸியா? மக வீட்டு மிக்ஸியா? இதை ரிப்பேர் பாக்கவா மதுரை வரைக்கும் வந்தீங்க? நல்ல அப்பாண்ணே நீங்க. ஜன்னலைக் கொஞ்சம் தள்ளுங்க. ஏன் இப்படி வேர்த்து ஊத்துதுன்னு பாக்குறீங்க. சொல்றேன். யார்கிட்டயாவது சொல்லாட்டி எனக்கு நெஞ்சு வெடிச்சிரும். ஒங்களுக்கு என்னையத் தெரியாது, எனக்கு ஒங்களைத் தெரியாது. எறங்கினா முடிஞ்சுது. அதான் வசதி.

என் பேரு ரெங்கராஜ். மதுரையில பாலிடெக்னிக் ஒண்ணுல வாத்தியாரா இருந்தேன். அதை மூடிட்டாங்க. இப்ப யூடியூப்ல பாடம் நடத்துறேன். 'ரெங்கராஜ் சார் கம்ப்யூட்டர் வகுப்பு'. பாத்ததில்லையா? பரவால்ல. பாக்குறவங்க பாக்குறாங்க. ஜாவாஸ்கிரிப்ட்னு ஒரு கம்ப்யூட்டர் மொழி, அதுவும் சர்வர்ல ஓடுற ஜாவாஸ்கிரிப்ட். சர்வர்னா பயந்துராதீங்க. நீங்க போன்ல ஒரு பட்டனை அமுக்குனா எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர் அதை வாங்கி, வேலை பாத்து, பதில் அனுப்புதுல்ல, அதுக்குப் பேருதான் சர்வர். ஒரு சாதாரண கடைக் கம்ப்யூட்டரைக் கூட சர்வராக்கிறலாம். அதைத்தான் நான் சுத்தத் தமிழ்ல, பயமில்லாம சொல்லிக்குடுக்குறேன். வகுப்புல இருந்தப்ப என்னைய மதிக்காத பயலுக எல்லாம் இப்ப 'சார் சார்'னு எழுதுறானுக. அது ஒரு போதைண்ணே. இல்லைன்னு சொன்னா பொய்.

அதுல ஒரு வீடியோ. 'தமிழில் என்கிரிப்ஷன், பத்தே நிமிஷத்துல'. அப்படின்னா எழுத்தை மறைச்சு வெக்கிறது. நீங்க 'சாப்பிட்டியா'ன்னு எழுதுனா, உள்ள போயி எழுத்தும் எண்ணுமா கன்னாபின்னான்னு மாறிக் கெடக்கும். எவன் எடுத்துப் பாத்தாலும் புரியாது. ஒரு சாவி இருக்கு. அந்தச் சாவியைக் குடுத்தா அது திரும்ப 'சாப்பிட்டியா'ன்னு வந்துரும். ஒங்க மிக்ஸி மாதிரி இல்ல. அதுல அரைச்சா அரைச்சதுதான், சட்னி திரும்பத் தேங்கா ஆகாது. இது ஆகும். ஆனா சாவி இருக்கணும். சாவி இல்லாட்டி இதுவும் மிக்ஸிதான்.

நான் என்ன பண்ணேன்னா, மேல மொதல் வரியிலேயே, யாராலயும் யூகிக்க முடியாத மாதிரி ஒரு சாவி செஞ்சு குடுன்னு கம்ப்யூட்டர்கிட்டயே கேட்டு எழுதிட்டேன். அது அந்த நிமிஷமே ஒண்ணைச் செஞ்சு தன் ஞாபகத்துல வெச்சுக்கிச்சு. பாக்க அழகா இருக்கும், ஒத்தை வரி. ஓட விட்டேன், எழுத்து மறைஞ்சுது. திருப்பினேன், வந்துருச்சு. 'லைக் போடுங்க, நாலு பேருக்குப் பகிருங்க'ன்னு கும்பிட்டு முடிச்சுட்டேன்.

சரி, அந்தச் சாவியை எங்கயாவது எழுதி வெச்சேனா? இல்ல. ஓடுற வரைக்கும்தான் அதுக்கு ஞாபகம். நிப்பாட்டிட்டா சாவி போச்சு. திரும்ப ஓட விட்டா அது புதுசா வேற சாவி செஞ்சுக்கும், பழசைத் தொறக்காது. அதை யாருமே என்கிட்ட கேக்கலண்ணே. ஒருத்தர் கூடக் கேக்கல.

இந்தா, வண்டி கெளம்பிருச்சு. அப்பாடா. மணி என்ன? ஏழரை. ராஜபாளையம் எட்டு, எட்டே கால். அங்கேருந்து ஒங்க ஊருக்கு எவ்வளவு நேரம்? முக்கா மணியா? அரை மணின்னு சொல்லுங்கண்ணே, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

ஒங்க ஊர்ல தேரடிக்குப் பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கா? ஒரு பொண்ணு வெச்சிருக்கும். ஆவுடைத்தாய்னு பேரு. ஆங், அதேதான், கண்ணாடி போட்ட பொண்ணு. ஒங்க சின்ன மகளுக்குக் காலேஜ் அப்ளிகேஷன் அங்கதான் போட்டீங்களா? பாருங்க, ஒலகம் எவ்வளவு சின்னது. நான் நேர்ல பாத்ததில்லண்ணே. என் வீடியோவைப் பாத்துப் பாத்துப் படிச்ச பொண்ணு. டிகிரி என்னமோ சரித்திரம். கம்ப்யூட்டரைத் தானாக் கத்துக்கிருச்சு. சந்தேகம்னா வாட்ஸாப்ல கேக்கும். எல்லா வரிக்கும் 'இது ஏன் சார்?'. காலையில பல்லு வெளக்கப் போகும்போதே நாலு 'ஏன் சார்' வந்து கெடக்கும். எனக்கு எரிச்சலாவும் இருக்கும், பெருமையாவும் இருக்கும்.

அதுக்கு ஒரு அக்கா. கோமதி. தொண்டையில கேன்சர் வந்து குரல்வளையை எடுத்துட்டாங்க. பேச்சு போச்சு. முப்பத்தாறு வயசுண்ணே. வாயாடியாம். தெருவே அதிரப் பேசுமாம். அந்த மனுஷி பேச்சில்லாம சைகை காட்டவும், வீட்ல யாருக்கும் புரியாமப் போகவும், தட்டைத் தூக்கி எறிஞ்சிருக்கு. இந்தப் பொண்ணு பாத்துச்சு. தானே ஒரு ஆப் எழுதிருச்சு. அக்கா போன்ல டைப் அடிச்சா எதிர்ல இருக்கிறவங்களுக்குப் பெரிய எழுத்துல தெரியும். கடைக் கம்ப்யூட்டர்தான் சர்வர். மொத நாள் அந்தக்கா என்ன அடிச்சுதுன்னு எனக்குப் படம் புடிச்சு அனுப்புச்சு. 'அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வையி, எத்தனை தடவை கையைக் காட்டுறது'. அதான் மொத வார்த்தை. நான் சிரிச்சுட்டேன். என் சம்சாரம் பாத்துட்டு அழுதுட்டா.

அப்புறம் அந்தக்கா ஒண்ணு கேட்டுச்சாம். 'நீங்கல்லாம் பேசுறது காத்துல போயிருது, நான் பேசுறது மட்டும் போன்ல கெடக்குதே, எவனாவது எடுத்துப் படிச்சா?' அந்தக்காவோட வீட்டுக்காரன் போனை நோண்டுற ஆளு போல. அதுக்குத்தான் இந்தப் பொண்ணு என் வீடியோவைப் பாத்து, அக்கா அடிக்கிற அத்தனையையும் பூட்டி வெச்சுது. என் வரியை அப்படியே, ஒரு புள்ளி மாறாம எழுதிருக்கு.

கேளுங்க. அப்ப என்கிட்ட ஒரு சந்தேகம் கேட்டுச்சு. 'சார், இந்தச் சாவியை ஏன் சார் எங்கயும் எழுதி வெக்கல?' யாரும் கேக்கலன்னு சொன்னேன்ல, அது பொய்ணே. மன்னிச்சுருங்க. இந்தப் பொண்ணு கேட்டுச்சு. நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? 'வீட்டுச் சாவியை வாசல்லயாம்மா மாட்டி வெப்ப? எழுதி வெச்சா திருடன் எடுத்துருவான்ல'ன்னேன். ஸ்டைலா. கூடவே ஒரு சிரிப்பு பொம்மை வேற போட்டேன். அது 'சூப்பர் சார்'னுச்சு. இப்ப நெனைச்சா நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருக்கு. எனக்கே அப்பப் பதில் தெரியாதுண்ணே. அந்த வரியை நானும் எங்கேயோ பாத்து எழுதுனதுதான். தெரியலம்மா, பாத்துச் சொல்றேன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம். வாத்தியாரா இருந்துட்டா அந்த வார்த்தை மட்டும் வாயில வராது.

ஆறேழு மாசமா அந்த மெஷின் நிக்கவே இல்ல. அதுக்கும் நான்தான் காரணம். 'சர்வர்னா தூங்கக் கூடாது, ஓடிக்கிட்டே இருக்கட்டும்'னு எல்லா வீடியோலயும் சொல்வேன். இன்வெர்ட்டர் வாங்கி மாட்டிருச்சு. கரண்ட் போனாலும் ஓடும். அந்தக்கா எப்ப வேணாலும் பேசணும்ல. அம்மாகிட்ட, கொழந்தைகிட்ட, நர்ஸுகிட்ட, எல்லாம் அதுலதான். யாரும் பக்கத்துல இல்லாதப்பவும் எதையாவது அடிச்சுக்கிட்டே இருக்குமாம். வாயாடி இல்லையா.

போன மாசக் கடைசியில அந்தக்கா போயிருச்சு.

எனக்கு நேத்துத்தான் தெரியும். நேத்து மத்தியானம் ஒரு நீளமான மெசேஜ். 'சார், அக்கா போயிட்டா. முந்தாநாள் பதினாறு முடிஞ்சுது. போறதுக்கு முன்னாடி, பதினாறு கழிஞ்சப்புறம் எல்லாத்தையும் எடுத்துப் படி, ஒன்னை வைஞ்சதும் இருக்கும், கோவப்படாதன்னு அடிச்சுக் காட்டினா. என்கிட்ட நேர்ல பேசுனதுதான் நான் பாத்துருக்கேன், மத்தது எதுவும் பாக்கல. சொந்தக்காரங்க எல்லாம் நாளைக்குக் காலையில கெளம்பிருவாங்க. நாளைக்கு ஷட் டவுன், கடையும் லீவு. இன்வெர்ட்டர் பேட்டரி செத்துருச்சு, தாங்காது. அதனால ஒன்பது மணிக்கு முன்னாடி மெஷினை ஒழுங்கா நிப்பாட்டிட்டு, சாயங்காலம் கரண்ட் வந்ததும் ஆன் பண்ணி அம்மாவும் நானும் உக்காந்து படிக்கப்போறோம். எங்கக்கா பேச்சைப் பத்திரமா வெச்சுக் குடுத்தது நீங்கதான் சார். ஒங்க படத்தைக் கடையில மாட்டணும், நல்ல படமா ஒண்ணு அனுப்புங்க.'

இதைப் படிச்சதும் ஒங்களுக்கு என்ன தோணும்? ஐயோ, மெஷினை நிப்பாட்டாதன்னு கத்தத் தோணும்ல? எனக்குத் தோணலண்ணே. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, பெருமையில. உடனே அந்த மெசேஜைப் படம் புடிச்சு, கூட அந்த ஃபேன் படத்தையும் சேத்து, என் சேனல்ல போட்டேன். 'என் மாணவி. இதற்காகத்தான் வாழ்கிறேன்'னு எழுதி. அந்தப் பொண்ணைக் கேட்டுப் போட்டேனான்னு கேக்காதீங்க. அது கீழ வந்து 'எல்லாம் சார் புண்ணியம்'னு ஒரு வரி எழுதுச்சு. கோவிச்சுக்கல. ஒரு மணி நேரத்துல நூத்துக்கணக்குல லைக்கு. நான் போனைக் கீழ வெக்கல. என் சம்சாரம் 'செத்த வீட்டுச் சேதியை வெச்சா இத்தனை சந்தோஷம்?'னு கேட்டா. அவளுக்குப் புரியாதுன்னு நெனைச்சேன்.

அப்பத்தான் அவன் வந்தான். வௌவால்.

அவன் பேரு என்னன்னு தெரியாது. யூடியூப்ல வௌவால்னு பேரு, படமும் வௌவால். ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி, அந்த வீடியோ போட்ட மறுநாளே கீழ கமெண்ட் போட வந்தான். 'ப்ரோ, சாவியை இப்படி வெச்சா ரீஸ்டார்ட் பண்ணதும் எல்லாம் காலி. வேற எடத்துல சேமிச்சு வெக்கணும்னு சொல்லிருங்க, ஜனங்க அப்படியே காப்பி அடிப்பாங்க'. ப்ரோவாம்! என் மாணவன் வயசு இருக்கும். ஒரு வாத்தியாரை நாலு பேர் பாக்க 'ப்ரோ'ங்கிறான். சார்னு ஒரு வார்த்தை போட்டுருந்தா நான் யோசிச்சிருப்பேன். என்னண்ணே சிரிக்கிறீங்க? மரியாதைன்னு ஒண்ணு இல்லையா? தனியா மெசேஜ் போட்டுச் சொல்லிருக்கலாம்ல?

எடுத்துட்டேன். அவன் எழுதினதையும் எடுத்துட்டேன், அவனையும் தடுத்து வெச்சுட்டேன். ரெண்டாவது பாகம்னு ஒரு வீடியோ போட்டுச் சரி பண்ணிறலாம்னுதான் இருந்தேன். நெசமாத்தான். ஆனா போட்டா அவன் சொல்லித்தான் போட்டேன்னு ஆயிரும்ல. தள்ளிப்போட்டேன். அப்புறம் மறந்துட்டேன். ஆமாண்ணே, யாரும் கேக்கலன்னு சொன்னதுல இது ரெண்டாவது பொய். அந்தப் பொண்ணு கேட்டப்பப் பதில் தெரியாதுன்னேனே, அதுவும் முழுசா நெசமில்ல.

நேத்து புதுப் பேர்ல வந்துருக்கான். அதே வௌவால் படம், கலர் மட்டும் வேற. அந்தப் பொண்ணு எழுதின வரிக்குக் கீழயே வந்து, 'ப்ரோ, அந்த மெஷினை ஆஃப் பண்ண விடாதீங்க, சாவி போயிரும், உடனே சொல்லுங்க'ன்னு எழுதிருந்தான். எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. ஒரு எழவு வீட்டுச் சேதிக்குக் கீழ வந்தாடா ஒன் மேதாவித்தனத்தைக் காட்டுவன்னு, படிச்ச கையோட எடுத்துட்டேன். ரெண்டு நிமிஷம் கூட இருந்துருக்காது.

எடுத்துட்டு, தண்ணி குடிச்சுட்டு, சும்மா ஒரு தடவை அந்த வரியைத் தொறந்து பாத்தேன். என் சிஸ்டத்துலயே ஓட விட்டேன். 'கோமதி'ன்னு அடிச்சு மறைச்சேன். நிப்பாட்டினேன். திரும்ப ஓட விட்டுத் தொறந்தேன். வரல. தப்பு தப்புன்னு செவப்பா வந்து நிக்குது. இன்னொரு தடவை பண்ணேன், வரல. அப்படியே நாற்காலியில உக்காந்துட்டேன். என் சம்சாரம் சாப்பிடக் கூப்புடுறா, காதுல விழல.

அதான் காலையில மொத பஸ்ஸைப் புடிச்சேன். மெஷின் ஓடிக்கிட்டு இருக்கிற வரைக்கும் ஒண்ணும் கெட்டுப்போகலண்ணே. ஓடுறதை நிப்பாட்டாமலே அதோட ஞாபகத்துக்குள்ள புகுந்து அந்தச் சாவியை வெளியில எடுக்க வழி இருக்கு. எனக்குத் தெரியும். அஞ்சு நிமிஷ வேலை. துக்கம் கேக்க வந்தேன்னு சொல்லிக்கிட்டு உள்ள போவேன். ஒன் மெஷினைக் காட்டும்மான்னு உக்காருவேன். அது காப்பி போடப் போகும்ல, அந்த நேரத்துல சாவியை எடுத்து ஒரு ஓரமா எழுதி வெச்சு, அந்த வரியையும் மாத்திட்டு எந்திரிச்சுருவேன். சாயங்காலம் அதும் அம்மாவும் உக்காந்து படிப்பாங்க. யாருக்கும் ஒண்ணும் தெரியாது.

என்னண்ணே, என்ன சொன்னீங்க?

ஏன் போன் பண்ணலன்னா?

சிக்னல் இல்லண்ணே இந்த ரோட்ல. ஆமா, நீங்க இப்பத்தான் ஒங்க மகளோட பேசுனீங்க. சரி. எனக்குச் சார்ஜும் கம்மி. இதெல்லாம் போன்ல சொல்ற விஷயமும் இல்ல பாத்துக்கங்க. அவங்களே துக்கத்துல இருக்காங்க. 'மெஷினை நிப்பாட்டாத'ன்னு சொன்னா 'ஏன் சார்'னு கேக்கும். அந்தப் பொண்ணு ஏன் சார்னு கேக்காம இருக்கவே இருக்காது. நான் என்னான்னு சொல்றது? என் படத்தைக் கடையில மாட்டணும்ங்குது. அதுகிட்டப் போயி, எனக்குத் தெரியாம ஒரு வரியை எழுதிட்டேன், தெரிஞ்சப்புறமும் ஒன்றரை வருஷம் மறைச்சுட்டேன்னு சொல்லச் சொல்றீங்களா?

சும்மா பாக்கணும், ஓட விட்டு வையின்னு சொல்லலாம்தான். சொல்லலாம். எனக்கும் தோணுச்சு. காலையில மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு மூணு தடவை நம்பரை எடுத்தேன். பேசுனா குரல்லயே கண்டுபுடிச்சிரும்னு பயம். நேர்ல போயிட்டா சமாளிச்சிருவேன். நேர்ல நான் நல்லாச் சமாளிப்பேன்.

ராஜபாளையம் வந்துருச்சா? எட்டு இருபது. ஏன் இங்க இவ்வளவு நேரம் நிப்பாட்டுறாரு? டீ குடிக்கிறாரு பாருங்கண்ணே, டிரைவரு. ஒரு மனுஷனுக்கு எத்தனை டீ?

இல்ல, நீங்க சொல்றது புரியுது. மானமா அந்த அக்கா பேச்சா, எது பெருசுன்னு கேக்குறீங்க. புரியாம இல்ல. ஒங்களை மாதிரி வெளியில இருந்து சொல்றது லேசு. ஒண்ணு நெனைச்சேன், சொன்னா திட்டாதீங்க. அந்தக்கா தன் பேச்சு காத்துல போயிரணும்னுதானே கேட்டுச்சு? ஒருவேளை எல்லாம் போயிட்டாலும், அது கேட்ட மாதிரி ஆச்சுன்னு... சரி. சரிண்ணே. மூஞ்சியைத் திருப்பாதீங்க. நான் பேசுனது தப்பு. பதினாறுக்கப்புறம் படின்னு அந்தக்காவேதான அடிச்சுக் காட்டிருக்கு.

எனக்கு வெக்கமா இருக்குண்ணே. நேத்து ராத்திரில இருந்து சோறு எறங்கல. வயசு நாப்பத்தெட்டு. ஒரு சின்னப் பொண்ணுகிட்டத் தெரியாதுன்னு சொல்ல வாய் வராம, திருடன் மாதிரி அது காப்பி போடுற நேரம் பாத்து உள்ள புகலாம்னு பஸ் ஏறி வந்துருக்கேன் பாருங்க.

எட்டரை தாண்டிருச்சு. இது என்ன ஊரு, கரிவலமா? இன்னும் எவ்வளவு இருக்கு? சிக்னல் நல்லாத்தான் இருக்கு. ஆமா. நாலு கோடு.

பண்றேன். பண்றேண்ணே, தள்ளாதீங்க. நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் பாத்துக்கங்க. நீங்க பாத்துக்கிட்டே இருந்தா வாய் வராது. என்ன சொல்றது மொதல்ல? 'ஆவுடை, நான் சொல்றதைக் கேளு, மெஷினைத் தொடாத, நான் தப்புப் பண்ணிட்டேன்'. அவ்வளவுதான? அவ்வளவுதான்.

அடிக்குது.

ஹலோ. ஆவுடை? நான் ரெங்கராஜ் சார் பேசுறேம்மா. ம். ஆமாம்மா, படிச்சேன், ரொம்ப வருத்தம். எல்லாரும் கெளம்பிட்டாங்களா? சரி. அம்மா எப்படி இருக்காங்க? ம். ஏம்மா, அந்த மெஷினு, அதை நீ... என்னது?

எப்ப?

இப்பத்தானா.

இல்லம்மா, சும்மாதான் கேட்டேன். யாரு? யாரு எழுதிருந்தாங்கன்னு? ம். பாதிதான் தெரிஞ்சுதா. ம். ஆமா, நான்தாம்மா எடுத்தேன். ஆமா. ம். இல்லம்மா, பஸ் சத்தம் இல்ல. வீட்லதான். டிவி ஓடுது. சரிம்மா. சரி. அம்மாவைக் கேட்டதாச் சொல்லு. வெச்சிர்றேன்.

அப்படிப் பாக்காதீங்கண்ணே. டிவின்னு எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியல.

நிப்பாட்டிருச்சாம். பத்து நிமிஷம் கூட ஆகலையாம். நான் ஒங்ககிட்ட டிரைவர் டீ குடிக்கிறாருன்னு கொறை சொல்லிக்கிட்டு இருந்தேனே, அப்ப ஓடிக்கிட்டுத்தான் இருந்துருக்கு. மாட்டுத்தாவணியில நம்பரை எடுத்துட்டு உள்ள வெச்சேனே, அப்பவும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துருக்கு.

அது என்ன சொல்லுச்சு தெரியுமா? நேத்து அது போனுக்கு ஒரு துண்டு வந்துச்சாம். அது எழுதின வரிக்குக் கீழ யாரோ பதில் போட்டா அதுக்குச் சேதி போகும்ல. 'ப்ரோ, அந்த மெஷினை ஆஃப் பண்ண விடா'ன்னு, பாதிதான் தெரிஞ்சுதாம். என்னமோ ஏதோன்னு பதறித் தொறந்து பாத்தா அங்க ஒண்ணுமே இல்லையாம். காலையில மெஷின் முன்னாடி போய் உக்காந்து ரொம்ப நேரம் யோசிச்சுதாம். நிப்பாட்டலாமா வேண்டாமான்னு. என்கிட்ட கேப்பமான்னு கூட நெனைச்சுதாம். அப்புறம் அதுவே முடிவு பண்ணிக்கிருச்சாம். 'நீங்களே அதை எடுத்துட்டியன்னா அது தப்பாத்தான் சார் இருக்கும். சரியா இருந்தா நீங்க விட்டு வெச்சிருப்பியள்லா. அதான் தைரியமா நிப்பாட்டிட்டேன்'ங்குது.

என் மேல இருந்த நம்பிக்கையில நிப்பாட்டிருக்குண்ணே. ஒவ்வொரு வரிக்கும் ஏன் சார், ஏன் சார்னு கேட்ட பொண்ணு. இதுக்கு மட்டும் கேக்கல.

அந்த வௌவால் பய அதுக்குக் கீழ வந்து எதுக்கு எழுதுனான்னு இப்பத்தான் புரியுது. அந்தப் பொண்ணுக்குப் போய்ச் சேரட்டும்னுதான் எழுதிருக்கான். எனக்காக எழுதவே இல்ல. நான் என்னைய மட்டம் தட்டுறான்னு எடுத்துட்டேன்.

ஏண்ணே, இந்த பஸ் சங்கரன்கோவிலோட முடியுதா, அதுக்கு மேல திருநெல்வேலி அப்படி எங்கயாவது போகுமா? முடியுதா. இல்ல, சும்மா கேட்டேன். டிக்கெட்டும் அதுவரைக்கும்தான் எடுத்துருக்கேன்.

சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கரண்ட் வந்ததும் அம்மாவைப் பக்கத்துல உக்கார வெச்சு வாசிச்சுக் காட்டப்போகுதாம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதாம். மக அடிச்சுக் காட்டுனதை எல்லாம் அப்பப்ப யாராவது படிச்சுச் சொன்னாத்தான் உண்டாம். காலையில எந்திரிச்சதுல இருந்து 'கோமதி என்ன சொல்லிருக்கா, கோமதி என்ன சொல்லிருக்கா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்களாம்.

வந்துருச்சா? இதுதான் பஸ் ஸ்டாண்டா?

ஒன்பது அடிக்கப்போகுது. கடையில எல்லாம் இன்னும் லைட்டு எரியுது பாருங்க. நான் போயிச் சொல்லணும்ல? சொல்லித்தான ஆகணும்? அஞ்சு மணிக்கு அந்தச் செவப்பு எழுத்து வந்து நிக்கும்போது, அது அங்கேயும் 'சார் வரி தப்பா இருக்காது, நான்தான் ஏதோ கெடுத்துட்டேன்'னுதாண்ணே நெனைக்கும். தன்னையத்தான் வைஞ்சுக்கும். அதுக்கு முன்னாடி நான் போய் நிக்கணும். ஆனா அஞ்சு மணி வரைக்கும் அந்த ரெண்டு பேருக்கும் கோமதி பேச்சு இருக்கு. நான் போய் வாயைத் தொறந்தேன்னா இப்பவே இல்ல.

நீங்க எறங்குங்கண்ணே. மிக்ஸியைக் குடுங்க, நான் புடிச்சுக்கிறேன். படி உசரமா இருக்கு, பாத்து.

தேரடிக்கு எந்தப் பக்கம்ணே போகணும்?